நாற்பத்தைந்து நிமிடம்

எலியின் விலாவைத் திறந்து
மொச்சைக்கொட்டை அளவே இருக்கும் சிறுநீரகத்தின்
இரத்தக் குழாயில் கிளிப் மாட்டுகிறேன்.
சிவப்பு, கத்தரிப்பூ நிறமாகிறது.
நாற்பத்தைந்து நிமிடம்.
கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு
வல்லம் சாலையில் போகும் நெல் லாரிகளைப் பார்க்கிறேன்.

கிளிப்பை எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள்.
திரும்பி வரும் இரத்தம்தான் எரிக்கிறது.
மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வரும்
முதல் தண்ணீர்
தூர் வாராத வாய்க்காலில் கரையைப் பிடுங்குமே,
வெடித்த மண் குடிக்கத் தெரியாமல் சரியுமே,
அப்படி.
தாகத்துக்கு வந்த பிராணவாயு
தீயாகிறது.

அதற்குத்தான் முன்கூட்டியே ஓர் ஊசி, மெலட்டோனின்.
தூக்கத்துக்கென்று உடம்பே சுரப்பது,
துருவுக்கும் ஆகும்.
கூடவே, கும்பகோணத்தில் யாரோ ஒரு தாய்
பிரசவ வலிக்கு நடுவே கையெழுத்திட்டுத் தந்த
தொப்புள்கொடியிலிருந்து வளர்த்த செல்கள்
பத்து லட்சம், வால் நரம்பு வழியாக.

பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன.
சிறுநீரகம் போய்ச் சேர்வது சொற்பம்.
சேர்ந்தவையும் குடியேறுவதில்லை.
நடவுக்கு வேற்றூரிலிருந்து வேனில் வந்து இறங்கும் பெண்கள் மாதிரி
மூன்று நாள், நான்கு நாள்,
என்னவோ சொல்கின்றன, எதையோ கைமாற்றுகின்றன,
காணாமல் போகின்றன.
பச்சை பிடிப்பது அதற்குப் பிறகு.
என்ன சொல்கின்றன என்பதில்தான்
என் ஐந்து வருடம் போயிருக்கிறது.

போன பங்குனியில்
டயாலிசிஸ் வார்டுக்கு இரத்த மாதிரி வாங்கப் போன இடத்தில்
பவுனம்மாளைப் பார்த்தேன்.
இடும்பாவனம் பக்கம். உளுந்து பறிக்கையில்
கண்ணாடி விரியன்.
விஷமுறிவு இருபது குப்பி ஏறியும்
பதினோரு நாளாய்ச் சிறுநீர் இல்லை.
ஊதிய முகத்துக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு,
"கடமடக்காரி நான்,
தண்ணி வராததெல்லாம் பழக்கந்தான்" என்றாள்.

எலி என்றதும் சிரித்துவிட்டாள்.
"எத்தன?"
நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் கமிட்டியில் அனுமதி வாங்கணும்.
"எலிக்கா?
வளைய வெட்டுனா படி படியா நெல்லு வச்சிருக்கும்.
கிட்டி வச்சுக் கொல்றதுக்கு
நாங்க யாருகிட்ட கையெழுத்து வாங்குனோம்?"
பக்கத்துக் கட்டில் தியாகசுந்தரமும் சிரித்தார்.
பிறகு, மெஷின் ஓடும் சத்தத்துக்குள்ளே,
"அந்த செல்ல எனக்குப் போட மாட்டியா பாப்பா?"

மனிதருக்கு இன்னும் இல்லை என்பதை
ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.
அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

பதினேழாம் நாள்
டெக்னீஷியன் ஆரோக்கியமேரி வாட்ஸாப்பில் அனுப்பியது
ஒரு பிளாஸ்டிக் கேனின் படம்.
அடியில் விரற்கடை உயரத்துக்குக் கட்டஞ்சாயா நிறம்.
நாற்பது மில்லி.
மறுநாள் நூற்றுப்பத்து. அதற்கு மறுநாள் அறுநூறு.
மருமகள் அந்தக் கேனை மூடாமல்
வார்டு முழுக்கக் காட்டிக்கொண்டு போனாளாம்,
சீர்வரிசைத் தட்டு மாதிரி.

யாரும் எதையும் செலுத்தவில்லை.
செத்தவை போக மிஞ்சிய செல்கள்
உருவம் கலைந்து, தட்டையாகி,
வெறுங்குழாயில் ஊர்ந்து ஊர்ந்து
இரண்டாகி நான்காகி
மறுபடியும் சுவராகிவிட்டன. பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.
தியாகசுந்தரத்துக்கு அப்படி நடக்கவில்லை.
அவருக்கும் அதே பாம்பு, அதே மாதம்,
வயது இரண்டு குறைவு.
இப்போதும் வாரம் மூன்று முறை
நீடாமங்கலத்திலிருந்து பஸ் ஏறுகிறார்.
என்னைப் பார்த்தால்
"எலிங்க சௌக்கியமா?" என்கிறார்.

அலாரம்.
கிளிப்பை எடுக்கிறேன்.
ஓரத்திலிருந்து சிவப்பு ஏறுகிறது,
திட்டுத் திட்டாக, அவசரமில்லாமல்.
கீழ் முனையில் ஓர் அரிசியளவு
இன்னும் கறுத்தே இருக்கிறது.
விளக்கை இழுத்துக் குனிந்து
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.